நாவினாற் செய்யும் ஆராதனை

ஞாயிறு காலையில் ஆலயத்திற் கீதம் பாடிய நாவே மதிய போசனம் முடியுமுன் அயலவரின் குறைகளை அடுக்கிக் கூறுவது நம்மிடையே புதுமையன்று. யாக்கோபு தமது நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் இம்முரண்பாட்டையே எடுத்துக்கொள்கிறார். குதிரையின் கடிவாளம், கப்பலின் சுக்கான், காட்டை எரிக்கும் சிறு நெருப்பு என அவர் காட்டும் உவமைகளைப் பலரும் அறிவர். கடவுளைத் துதிப்பதும், அவர் சாயலாகப் படைக்கப்பட்ட மனிதரைத் தூற்றுவதும் ஒரே வாயினின்று புறப்படலாகாது என்பது அவர் வாதம். ஆலய வழிபாட்டையும் அடுக்களைப் பேச்சையும் அவர் வேறாக வைத்தெண்ணவில்லை.

மலைப்பிரசங்கத்தில் இயேசு பெருமான் ஆணையிடுதலையே வேண்டாமென்றார். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர் சபையார் இதனை அப்படியே கைக்கொண்டனர். நீதிமன்றத்திற் சத்தியஞ் செய்ய மறுத்தமைக்காக ஜோர்ஜ் பொக்ஸ் முதலிய பலர் சிறை சென்றனர். சத்தியத்தின் மேல் உண்மை பேசுவதாகக் கூறினால், ஏனைய வேளைகளிற் பேசுவது தரங்குறைந்தது என்று ஒப்புக்கொண்டதாகுமே என்பது அவர்கள் நியாயம். கடைகளிலும் அவர்கள் ஒரே விலையே கூறினர். முதலில் வாடிக்கை குறைந்ததென்றும், சிறு பிள்ளையை அனுப்பினாலும் ஏமாற்றமாட்டார்கள் என்பது தெரிந்தபின் பெருகியதென்றும் பொக்ஸ் தமது நாட்குறிப்பில் எழுதியுள்ளார். நம் சந்தைகளிற் பேரம் பேசுவது ஒருவகைப் பொழுதுபோக்கு. அதனைப் பாவமென்று சொல்ல யான் வரவில்லை. ஆயின், கத்தரிக்காய்க்காகப் பெற்ற பிள்ளைமேல் ஆணையிட வேண்டுமா?

வீட்டிலும் இதுவே கதை. கடன் கொடுத்தவர் படலையில் நின்று அழைக்கும்போது, "அப்பா இல்லையென்று சொல்" என்று மகனை அனுப்பும் தந்தை, மறுவாரம் அவன் பாடசாலைப் புள்ளியை மறைத்ததற்காகப் பிரம்பை எடுக்கிறார். "அப்பா இன்று வர இயலாதாம்" என்பதற்கும் அதே அளவு மூச்சுத்தான் செலவாகும்.

எல்லாவற்றிலுங் கடினமான சோதனை சம்பந்தம் பேசும் காலத்தில் வருகிறது. மாப்பிள்ளை வீட்டார் நம் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்து, அயல்வீட்டுப் பெண்ணைப்பற்றி விசாரிக்கின்றனர். ஒரு சொல்லால் ஒரு பெண்ணின் வாழ்வு தடைப்படலாம். ஒரு மௌனத்தால் இன்னொரு குடும்பம் ஏமாற்றப்படலாம். உண்மை பேசுகிறோமென்று கேள்விப்பட்டதையெல்லாங் கொட்டுபவர் உளர். அவர் பேசுவது உண்மையன்று, ஊர்ப்பேச்சு. அன்பு செய்கிறோமென்று அறிந்த கேட்டை மறைப்பவரும் உளர். பவுல் எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் நாலாம் அதிகாரத்தில் மெய்யையும் அன்பையும் ஒன்றாகவே கட்டிவைத்தார். ஒன்றை மட்டும் அவிழ்த்தெடுக்க நமக்கு உரிமையில்லை. நேரிற் கண்டு அறிந்ததை மட்டுஞ் சொல்லலாம். அறியாததை "அறியேன்" என்று நிறுத்திவிடலாம். பாரதூரமான செய்தியொன்று மெய்யாகவே தெரியுமாயின், பெண் வீட்டாரிடஞ் சென்று, "இதனை நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்" என்று வேண்டலாம். இதற்குத் துணிவு வேண்டும். திண்ணையில் முணுமுணுப்பது அதனினும் எளிது.

அன்று மொட்டைக் கடிதஞ் செய்த வேலையை இன்று கைத்தொலைபேசி செய்கிறது. கடிதம் எழுதியவனாவது தாளுக்கும் முத்திரைக்குங் காசு செலவழித்தான். இப்போது விரலசைவில் ஒரு குடும்பத்தின் மானம் கனடா வரை போய்ச் சேருகிறது.

பக்தியுள்ளோர்க்கென்று தனியே ஒரு வழியும் உண்டு. ஜெபக்கூட்டத்தில் எழுந்து, இன்னாரின் மகனுக்காக ஜெபிக்கும்படி கேட்டு, அவன் எங்கே, யாருடன், எத்தனை நாளாகத் திரிகிறான் என்பதையுஞ் சேர்த்துச் சொல்லிவிடுகின்றனர். அம்மகனின் தாயும் அதே கூட்டத்திற் பின்வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும். அவனுக்காக மன்றாட அவன் பெயரே போதுமானது. மற்றதைக் கடவுள் முன்னரே அறிவார்.