ஜனவரி 1... காக்காவும் கணக்குல உண்டு!

ஜனவரி 1. காலை ஆறு மணி. ஊருக்கே 'ஹேப்பி நியூ இயர்' மெசேஜ் அனுப்பி டயர்டாகி, போர்வைக்குள்ள சுருண்டு கிடப்பீங்க. அந்த நேரத்துல ஒரு பத்து நிமிஷம் வாசல்ல வந்து நில்லுங்க. மார்கழிப் பனி. கோயில் ஸ்பீக்கர்ல திருப்பாவை. கரன்ட் கம்பியில ஒரு காக்கா. பையில இருந்து நோட்டை எடுத்து எழுதுங்க: '1. காக்கா.'

"இதையெல்லாமா எழுதுவாங்க?"ன்னு சிரிக்காதீங்க பாஸ். கழுத்து சாம்பல் நிறமா இருந்தா வீட்டுக் காக்கா, உடம்பு முழுக்கக் கறுப்புன்னா அண்டங்காக்கா. ரெண்டும் வேற வேற இனம். ஆக, காபி குடிக்கிறதுக்கு முன்னாடியே உங்க ஸ்கோர் 2!

இதுதான் 'இயர் லிஸ்ட்' விளையாட்டு. ஜனவரி 1-லிருந்து டிசம்பர் 31 வரைக்கும் நீங்க பார்த்த பறவை இனங்களோட பட்டியல். அடுத்த ஜனவரி 1 வந்தா மறுபடி பூஜ்யம். மறுபடி காக்கா!

உலகத்துல இதை வெறித்தனமா ஆடுறவங்க இருக்காங்க. அமெரிக்காவோட நோவா ஸ்ட்ரைக்கர் 2015-ல 41 நாடுகளைச் சுத்தி 6,042 இனங்களைப் பார்த்தார். அதுவரை இருந்த 4,341-ங்கிற ரெக்கார்டை அவர் முறியடிச்ச இடம் எது தெரியுமா? நம்ம பக்கத்து வீடு கேரளாவோட தட்டேக்காடு! அடுத்த வருஷமே நெதர்லாந்தோட ஆர்யன் ட்வார்ஷயஸ் 6,850-ஐத் தாண்டி அந்த ரெக்கார்டையும் காலி பண்ணிட்டார்.

'அவங்ககிட்ட காசு இருக்கு, ஃப்ளைட் ஏறுவாங்க. எங்கிட்ட இருக்கறது பஸ் பாஸ்தானே?'ங்கறீங்களா? கவலையே வேண்டாம். நன்னிலத்துல நீங்க எங்கேயும் போக வேண்டியதில்லை. வயலே உங்களுக்காக மாசா மாசம் சீன் மாத்தும்!

வயல்தான் காலண்டர்

தை, மாசியில சம்பா அறுவடை முடிஞ்சு உளுந்தும் பயறும் தலை தூக்கும். காய்ஞ்ச தரையில ஆட்காட்டி கத்தும், கொண்டலாத்தி கொண்டையை விரிக்கும். கோடையில குளம் வத்த வத்த, இரைக்காக நத்தைகுத்தி நாரையும் கொக்கும் ஒரே இடத்துல கூடும். வழக்கப்படி ஜூன் 12-ல மேட்டூர் திறந்து, தண்ணி வாய்க்காலுக்கு வந்தா உழவு. டிராக்டருக்குப் பின்னாடியே கொக்குக் கூட்டம் ஊர்வலம் போகும். செப்டம்பர்ல வடக்கே இருந்து உள்ளானும் வாலாட்டியும் வந்து இறங்கும். ஐப்பசி மழை நேரத்துல, காலையும் சாயங்காலமும் டியூட்டி மாதிரி கத்துற ஆறுமணிக் குருவி தோப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கும். அதைப் பார்த்துட்டீங்கன்னா அன்னிக்கு ட்ரீட் வைக்கலாம்.

அதனால பெயரை மட்டும் எழுதாம தேதியையும் எழுதுங்க. 2024-ல மேட்டூர் அணை ஜூலை கடைசியிலதான் திறந்துச்சு. அந்த மாதிரி வருஷத்துல ஆத்துத் தண்ணியை நம்பின வயல்ல உழவு தள்ளிப்போகும். உழவுக்குப் பின்னாடி வர்ற கொக்கும் தள்ளிப்போகும். உங்க நோட்டு அதைச் சொல்லும்.

வசதிப்பட்டா லீவுல ரெண்டு ட்ரிப் அடிக்கலாம். நம்ம திருவாரூர் மாவட்டத்துலயே வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும் இருக்கு. ரெண்டுமே 2022-ல ராம்சர் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்கள் பட்டியல்ல சேர்ந்துச்சு. கோடியக்கரைக்கு 2002-லேயே அந்தப் பெருமை. ஆனா அங்கே எல்லாம் எண்றதுக்கு ஆள் உண்டு. சன்னாநல்லூர், பூந்தோட்டம் வயலை யார் எண்றது?

99-ல நின்னுச்சு!

விளையாட்டுதான். ஆனா இதுல ஒரு சோதனை வரும். எனக்கு வந்துச்சு.

டிசம்பர் 31 சாயங்காலம். என் லிஸ்ட் 99. முடிகொண்டான் ஆத்துக் கரையில, மங்கலான வெளிச்சத்துல பெருசா ஒண்ணு பனை மரத்தைத் தாண்டிப் பறந்துச்சு. "பாம்புக் கழுகுடா! எழுது, நூறு!"ன்னு கூட வந்த நண்பன் குதிச்சான். எழுதிட்டேன். ராத்திரி தூக்கம் வரலை. நான் பார்த்தது ரெண்டு இறக்கை, அவ்ளோதான். அது வழக்கமான பருந்தாகூட இருக்கலாம். பன்னிரண்டு மணிக்குப் பட்டாசு வெடிக்கறப்போ எழுந்து அந்த நூறை அடிச்சேன்.

"ஒரு பறவைக்கு இவ்ளோ சீனா?"ன்னு நண்பன் கிண்டலடிச்சான். காரணம் இருக்கு. அதே நோட்டுல இன்னொரு விஷயம் இருந்துச்சு. பூந்தோட்டம் போற வழியில கம்பி மேல உட்கார்ந்து, பறக்கறப்போ நீல விசிறியை விரிக்குமே, பனங்காடை... அது முந்தின வருஷ லிஸ்ட்ல நாலு தேதியில இருக்கு. அந்த வருஷ லிஸ்ட்ல ஒரு தடவைகூட இல்லை.

வாழ்நாள் முழுக்கப் பார்த்ததுன்னு ஒரே பட்டியல் வச்சிருந்தா இது எனக்குத் தெரிஞ்சே இருக்காது. அந்தப் பட்டியல் ஏறுமே தவிர இறங்காது. பனங்காடை என்னிக்கோ டிக் வாங்கிட்டு நிம்மதியா அதுல உட்கார்ந்திருக்கும். வருஷா வருஷம் பூஜ்யத்துல ஆரம்பிக்கிறதாலதான், வராதது யாருன்னு கண்ணுல படுது. ஹாஸ்டல் அட்டெண்டன்ஸ் மாதிரிதான்! போன வருஷம் வந்தவனுக்கு இந்த வருஷம் ப்ரெசன்ட் போட முடியாது.

ஒரு நோட்டை வச்சு 'பனங்காடை போச்சு'ன்னு சொல்லிட முடியாது. நான் சரியாப் பார்க்காம விட்டிருக்கலாம். ஆனா முப்பதாயிரம் நோட்டு சேர்ந்தா? 2023-ல வந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை அப்படித்தான் உருவாச்சு. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண ஆட்கள் 'ஈபேர்ட்' தளத்துல பதிஞ்ச பட்டியல்களை வச்சு, 942 இனங்களை அலசினாங்க. மயிலும் குயிலும் பெருகுது. பனங்காடை நாடு முழுக்கக் குறையுது, அதோட நிலையை மறுபடி பரிசீலிக்கணும்னு அந்த அறிக்கை சொல்லுது.

இப்போ சொல்லுங்க... பார்க்காததைப் பார்த்தேன்னு ஒரு தடவை எழுதிட்டா, 'பார்க்கலை'ன்னு எழுதினதை யார் நம்புவாங்க?

காக்காதாண்ணே எண்றேன்!

இன்னொரு எச்சரிக்கை. நோட்டும் கையுமா கரையில நிக்கறப்போ வலையோட வந்த ஒருத்தர் பாசமா விசாரிச்சார். "தம்பி, ராத்திரியில கொக்கு, மடையானெல்லாம் எங்க அடையுதுன்னு எழுதி வச்சிருப்பீங்களே?"

"தெரியலைண்ணே, நான் காக்காதான் எண்ணிக்கிட்டிருக்கேன்"னு ஒரு போடு போட்டேன். பறவை பிடிக்கறது 1972-ம் வருஷ வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூடு இருக்கற மரத்தையும் கூட்டமா அடையுற இடத்தையும் ஸ்டேட்டஸ்ல போட்டு லைக் வாங்காதீங்க. பறவையைப் பார்த்தோமா, எழுதினோமா, வாயை மூடிக்கிட்டு வந்தோமான்னு இருக்கணும்!

எப்படி ஆரம்பிக்கறது?

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கடன் வாங்கின பைனாகுலர் கிடைச்சா போனஸ். பெயர், தேதி, இடம், எத்தனை... இந்த நாலும் எழுதுங்க. சந்தேகம் இருந்தா கேள்விக்குறி போடுங்க, நம்பர் போடாதீங்க. 'ஈபேர்ட்'ல பதிஞ்சா, வித்தியாசமான பறவைக்கு 'நிஜமாவா?'ன்னு கேட்டு சரிபார்க்க ஆட்கள் இருக்காங்க. பழைய நோட்டுல இருக்கறதைக்கூட ஏத்தலாம்.

தனியா போரடிக்குதா? 2015-லிருந்து பொங்கல் நாட்கள்ல தமிழ்நாடு முழுக்க 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்குது. பிப்ரவரியில காலேஜ் வளாகங்களுக்குன்னே ஒரு கணக்கெடுப்பு உண்டு. ஒரே இடத்துல 15 நிமிஷம் நின்னு எண்ணினா போதும். கேன்டீன் டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சுடும்!

என் கதை? 99-ஐ மூடி வச்சுட்டு, விடிஞ்சதும் புது நோட்டைப் பிரிச்சேன். '1. காக்கா.' அப்புறம் சைக்கிளை எடுத்துக்கிட்டு நேரா பூந்தோட்டம் ரோட்டுக்குப் போனேன். கம்பி காலியாத்தான் இருந்துச்சு. அதையும் தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன்.