பஸ்ஸை வீடாக்கியாச்சு... மேடு ஏற மாட்டேங்குதே! பெரிய டீசல் இன்ஜின் மாட்டினால் பிரச்னை தீருமா?

சினிமா ஷூட்டிங்கில் நிற்கும் கேரவனைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே படுக்கை, கழிவறை, ஏசி என எல்லாம் இருக்கும். அமெரிக்காவில் இதையே சாதாரண குடும்பங்கள் வேறு விதமாகச் செய்கின்றன. ஓடி ஓய்ந்த நெடுந்தூர பஸ் அல்லது மஞ்சள் நிற ஸ்கூல் பஸ்ஸை விலைக்கு வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, சமையலறையும் கட்டிலும் வைத்து வீடாக்கிவிடுகிறார்கள். பலர் வருடக்கணக்கில் அதிலேயே குடியிருக்கிறார்கள்.

சமவெளியில் எல்லாம் நன்றாகத்தான் போகும். மேற்கே ராக்கி மலைத்தொடர் வந்ததும் சிக்கல் ஆரம்பம். ஆக்சிலேட்டரை முழுசா மிதித்தாலும் வண்டி லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும். டெம்பரேச்சர் முள் மேலே ஏறும். அப்போதுதான் "பேசாம பெரிய இன்ஜினா போட்டுடலாமா?" என்ற கேள்வி வரும்.

கேள்வி ஒரே வரிதான். ஆனால் பதிலில் கியர்பாக்ஸ், ரேடியேட்டர், பிரேக், கட்டில் என வண்டியே அடங்கியிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பழைய பஸ்ஸில் இருப்பது என்ன இன்ஜின்?

1960, 70களில் வந்த ஜிஎம்சி, எம்சிஐ, ஈகிள் போன்ற நெடுந்தூர பஸ்கள் பலவற்றில் இருந்தது டெட்ராய்ட் டீசல் நிறுவனத்தின் 8வி71 இன்ஜின். எட்டு சிலிண்டர், மொத்தம் 9.3 லிட்டர். இன்றைய டீசல் வண்டிகளில் நாம் பார்ப்பது ஃபோர் ஸ்ட்ரோக். ஆனால் இது டூ ஸ்ட்ரோக் டீசல். இந்த 71 வரிசை 1938லேயே வந்துவிட்டது. ஒரு சிலிண்டரின் அளவு 71 கன அங்குலம் என்பதால்தான் அந்தப் பெயர்.

டர்போ இல்லாத 8வி71, இன்ஜெக்டரைப் பொறுத்து ஏறக்குறைய 270 முதல் 318 ஹெச்.பி. வரை தரும். சரியாகப் பராமரித்தால் பல லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஆனால் சூடு தாங்காது, எண்ணெய் கசியும், சத்தம் காதைப் பிளக்கும். புகை விதிகள் இறுகியதால் 1990களின் நடுவில் நெடுஞ்சாலை வண்டிகளுக்கான டூ ஸ்ட்ரோக் டீசல்கள் விடைபெற்றன. இதில் கை தேர்ந்த மெக்கானிக்குகளும் இப்போது குறைந்து வருகிறார்கள்.

இதற்கு மாற்றாக பலர் தேடுவது, அதே நிறுவனம் 1987ல் கொண்டுவந்த சீரிஸ் 60. ஆறு சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக், டர்போ, கம்ப்யூட்டர் கட்டுப்பாடு. இதன் 12.7 லிட்டர் மாடலில் 400 ஹெச்.பி.க்கு மேல் எடுக்கலாம். இழுவைத் திறன், அதாவது டார்க், 8வி71ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

மேடு ஏறும்போது என்ன நடக்குது?

ஒரு சின்ன கணக்கு. வீடாக்கிய பஸ்ஸின் எடை 15 டன் என்று வைத்துக்கொள்வோம். ரோடு 6 சதவீத ஏற்றம், அதாவது 100 மீட்டர் போனால் 6 மீட்டர் உயரம். இந்த மேட்டில் 80 கி.மீ. வேகத்தில் போக, சக்கரத்தில் மட்டும் ஏறத்தாழ 330 ஹெச்.பி. வேண்டும்.

8வி71 தருவதே அதிகபட்சம் 318. அதிலும் கியர்பாக்ஸ், கூலிங் ஃபேன், ஆல்டர்னேட்டர், ஏர் கம்ப்ரசர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தைச் சக்கரத்துக்கு அனுப்பும். எனவே அந்த மேட்டில் வண்டி 55-60 கி.மீ. போனாலே பெரிய விஷயம்.

உயரம் கூடினால் இன்னும் மோசம். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையில் உள்ள ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத இன்ஜினுக்குக் காற்று குறைந்தால் சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். 300 ஹெச்.பி. இன்ஜின் அங்கே 210 ஹெச்.பி. இன்ஜின் ஆகிவிடும். டர்போ உள்ள இன்ஜின் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பைப் பெருமளவு சமாளித்துவிடும்.

சரி, 470 ஹெச்.பி. சீரிஸ் 60 போட்டால்? அதே 6 சதவீத மேட்டில் சுமார் 90 கி.மீ. வேகம் கிடைக்கும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் 15 கிலோமீட்டர் ஏற்றத்தை 55 கி.மீ. வேகத்தில் கடக்க 16 நிமிடம் ஆகும், 90ல் போனால் 10 நிமிடம். மிச்சமாவது ஆறு நிமிடம்தான்.

அப்போ இவ்வளவு செலவும் ஆறு நிமிடத்துக்காகவா? இன்ஜினை மாற்ற நினைக்கும் எவரும் முதலில் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்.

இன்ஜினோடு சேர்ந்து வரும் 5 மாற்றங்கள்

1. இடம்: 8வி71 'வி' வடிவ இன்ஜின், நீளம் குறைவு. சீரிஸ் 60ல் ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும். நீளமும் உயரமும் அதிகம். பஸ்ஸின் பின்பகுதியில் இன்ஜினுக்கு மேலேதான் பெரும்பாலும் படுக்கையறை. எனவே தரையை வெட்டி, கட்டிலை உயர்த்த வேண்டி வரும். இரண்டு இன்ஜினுமே ஒரு டன்னுக்கு மேல் எடை. மவுண்டிங்கைப் புதிதாகச் செய்து வெல்டிங் வைக்கும்போது கணக்கு தப்பக் கூடாது.

2. சுழலும் திசை: ஜிஎம்சியின் 4104, 4106 போன்ற பஸ்களில் இன்ஜின் குறுக்குவாட்டில் இருக்கும். அங்கிருந்து சாய்வான ஒரு கோணத்தில் அச்சுக்குச் சக்தி போகும். இதை 'வி-டிரைவ்' என்பார்கள். பழைய டெட்ராய்ட் இன்ஜின்களை எந்தத் திசையிலும் சுழலும்படி தயாரிக்க முடிந்தது. இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்கள் பொதுவாக ஒரே திசையில்தான் சுழலும். அதனால் இந்த வகை பஸ்ஸில் இன்ஜினை மட்டும் மாற்றுவது மிகக் கடினம்.

3. கியர்பாக்ஸும் பின் அச்சும்: இரண்டு மடங்கு இழுவையைப் பழைய கியர்பாக்ஸ் தாங்காது. அலிசன் பி500 போன்ற கனரக ஆட்டோமேட்டிக்கும் சேர்த்தே வாங்க வேண்டியிருக்கும். அடுத்தது பின் அச்சின் கியர் விகிதம். பழைய டூ ஸ்ட்ரோக் நிமிடத்துக்கு 2,000 சுற்று அளவில் ஓடப் பழகியது. சீரிஸ் 60க்கு 1,400-1,600 சுற்றுதான் சுகம். விகிதத்தைப் பொருத்தாவிட்டால் புது இன்ஜினும் வீணாகக் கத்திக்கொண்டே ஓடும், டீசலும் தீரும்.

4. குளிர்விப்பு: எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். இந்த வகை டீசல் இன்ஜின்களில் எரிபொருள் சக்தியில் பாதிக்கும் குறைவானதே வேலையாக மாறும். மிச்சமெல்லாம் சூடு. ஒரு பங்கு புகைக்குழாய் வழியாகப் போகும், இன்னொரு பங்கை ரேடியேட்டர் வெளியேற்ற வேண்டும். இன்ஜின் பின்னால் இருப்பதால், காரைப்போல எதிர்க்காற்று நேராக ரேடியேட்டரில் மோதாது. எல்லாமே ஃபேனை நம்பித்தான். டர்போ காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலருக்கும் இடம் தேட வேண்டும். பழைய ரேடியேட்டரை அப்படியே வைத்துவிட்டு பெரிய இன்ஜினைப் போட்டால், முன்பைவிடச் சீக்கிரமே வண்டி கொதிக்கும்.

5. ஒயரிங்: பழைய இன்ஜின் கம்ப்யூட்டர் இல்லாமலே ஓடும். சீரிஸ் 60க்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி, சென்சார்கள், அதற்கேற்ற ஆக்சிலேட்டர் பெடல் எல்லாம் வேண்டும். அதனால்தான் அனுபவசாலிகள் இன்ஜினைத் தனியாக வாங்காமல், விபத்தில் சிக்கிய பஸ்ஸையோ லாரியையோ முழுசாக வாங்கிவிடுவார்கள். இன்ஜின், ஒயரிங், மீட்டர், பெடல் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து கிடைத்தால் பாதித் தலைவலி குறையும்.

இந்தப் பட்டியலைக் கூட்டிப் பார்த்தால், பஸ்ஸை வாங்கிய விலையை இன்ஜின் மாற்றும் செலவு தாண்டிவிடுவது சகஜம்.

ஸ்கூல் பஸ்ஸில் குற்றவாளி வேற!

வீடாக்கிய ஸ்கூல் பஸ்களில் கம்மின்ஸ் 5.9 லிட்டர், இன்டர்நேஷனல் டிடி466 போன்ற இன்ஜின்கள் அதிகம். இரண்டுமே நம்பகமானவை. ஆனால் பல பழைய பஸ்களில் இவற்றோடு வருவது அலிசன் ஏடி545 என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக்.

இதில் 'லாக்-அப்' வசதி கிடையாது. அதாவது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே நேரடிப் பிடிப்பு இல்லை, எண்ணெய் வழியாகத்தான் சக்தி போகும். மேட்டில் அந்த எண்ணெய் வழுக்கி வழுக்கியே சூடாகும். வண்டி இழுக்காமல் இருக்க இதுவும் ஒரு முக்கிய காரணம்.

இங்கே இன்ஜினைப் பெரிதாக்கினால் கியர்பாக்ஸ்தான் முதலில் போகும். மாறாக, லாக்-அப் உள்ள எம்டி643 போன்ற கியர்பாக்ஸுக்கு மாறினாலோ, குறைந்தபட்சம் பெரிய ஆயில் கூலர் வைத்தாலோ, அதே இன்ஜினிலேயே வித்தியாசம் தெரியும்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து

வேகமாக ஏறிவிடலாம். ஆனால் 15 டன் வீடு அதே மலையில் இறங்கியும் ஆக வேண்டுமே? 6 சதவீத இறக்கத்தில் 80 கி.மீ. வேகத்தைக் கூட்டாமல் பிடித்து வைக்க, பிரேக் தொடர்ந்து சுமார் 190 ஹெச்.பி. அளவு சக்தியைச் சூடாக மாற்ற வேண்டும். சாதாரண டிரம் பிரேக் இதைச் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. சூடேறிய பிரேக் பிடிக்காது.

இதை 1931லேயே நேரில் அனுபவித்தவர் கம்மின்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய கிளெஸ்ஸி கம்மின்ஸ். கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் டீசல் லாரியில் இறங்கும்போது பிரேக் செயலிழந்தது. கீழே ரயில்பாதையில் சரக்கு ரயில் கடந்துகொண்டிருந்தது. மயிரிழையில் உயிர் தப்பினார். அந்த பயம்தான் பின்னாளில் இன்ஜினையே பிரேக்காக மாற்றும் கருவியை அவர் கண்டுபிடிக்கக் காரணமானது. ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961ல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றும் லாரி டிரைவர்கள் அதை 'ஜேக் பிரேக்' என்றே சொல்கிறார்கள்.

சீரிஸ் 60க்கு மாறுபவர்கள் பலர் "ஏறும் வேகத்தைவிட ஜேக் பிரேக்தான் பெரிய லாபம்" என்று சொல்வதன் அர்த்தம் இதுதான். சேமித்தது ஆறு நிமிடமாக இருக்கலாம். ஆனால் இறக்கத்தில் கால் நடுங்காமல் இறங்குவதற்கு விலை போட முடியாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. டர்போவும் புகைக்குழாயும் கடும் சூட்டில் இருக்கும். அவற்றுக்கு மேலே மரப்பலகை, மெத்தை, தூங்கும் பிள்ளைகள். சூட்டைத் தடுக்கும் கவசம், டீசல் குழாய்களைச் சூட்டிலிருந்து தள்ளிவைப்பது, இன்ஜின் அறையில் தீ எச்சரிக்கைக் கருவி, படுக்கையறைக்கு அருகில் அவசர வழி. இவை இல்லாமல் இன்ஜின் மாற்றும் வேலையை முடிந்ததாகக் கருதவே கூடாது.

சட்டம் என்ன சொல்லுது?

அமெரிக்காவில் வண்டியின் புகைக் கட்டுப்பாட்டை முடக்குவது சட்டப்படி குற்றம். வண்டியின் காலத்து இன்ஜினையோ அதைவிடப் புதிய இன்ஜினையோ, அதற்குரிய புகைக் கட்டுப்பாட்டு பாகங்கள் முழுவதோடும் பொருத்துவதே பாதுகாப்பான வழி. மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறும். கலிபோர்னியா அதிகக் கண்டிப்பு. இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் விபத்து நேரத்தில் இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரலாம்.

அப்போ மாற்றலாமா, வேண்டாமா?

முதலில் செலவு குறைந்த வேலைகளை முடியுங்கள் என்பதே விஷயம் தெரிந்தவர்களின் யோசனை.

* ரேடியேட்டரைக் கழற்றி முழுசாகச் சுத்தம் செய்வது, ஃபேன் சரியான வேகத்தில் சுற்றுகிறதா என்று பார்ப்பது
* ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், இன்ஜெக்டர்களைச் சோதிப்பது
* எடையைக் குறைப்பது: 400 லிட்டர் தண்ணீர் என்றால் 400 கிலோ. மலைக்கு அந்தப் பக்கம் போய் டாங்கை நிரப்பலாம்
* டெம்பரேச்சர் 95 டிகிரி செல்சியஸைத் தாண்டும் முன்பே கியரைக் குறைத்து மெதுவாகப் போவது. டூ ஸ்ட்ரோக் இன்ஜின் அதிகம் சூடானால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடும்

இவ்வளவும் செய்த பிறகு பழைய இன்ஜின் சூடாகாமல் 50 கி.மீ. வேகத்தில் மேடு ஏறுகிறதா? வலது ஓரத்தில், எச்சரிக்கை விளக்கைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் போகலாம். அமெரிக்காவில் மெதுவாகப் போகும் வண்டிகளுக்கு வலது ஓரம்தான். வருடத்துக்கு இரண்டு முறை மலைப்பக்கம் போகும் குடும்பத்துக்கு இதுவே போதும்.

இன்ஜின் ஆயுள் முடிந்து எப்படியும் பிரிக்க வேண்டிய நிலை, மலைப்பிரதேசத்திலேயே பெரும்பாலான ஓட்டம், பின்னால் கார் வேறு இழுக்க வேண்டும் என்றால் கதை வேறு. அப்போது பெரிய இன்ஜின் நியாயமான முடிவுதான். ஆனால் பட்ஜெட் போடும்போது இன்ஜின் விலையைக் கடைசியில் எழுதுங்கள். ரேடியேட்டர், பிரேக், கியர்பாக்ஸ், தீத்தடுப்பு ஆகிய நான்குக்கும் முதலில் பணம் ஒதுக்குங்கள். அந்த நான்குக்கும் பணம் போதவில்லை என்றால், இன்ஜின் வாங்கும் நேரம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.