அச்சுக்கு அடங்கும் ரப்பர்

முறுக்கு உரலில் மாவை இட்டு அழுத்தினால், வில்லையின் துளை எவ்வடிவோ அவ்வடிவிலேயே மாவு வெளிவருகிறது. ரப்பர்க் குழாயும், கதவு விளிம்பில் பதிக்கும் பட்டையும் இவ்வாறே அச்சுத் துளையின் வழியே பிதுக்கி எடுக்கப்படுகின்றன. ஆனால் ரப்பர், மாவைப்போல் அடங்கி நடப்பதில்லை. துளையைக் கடந்ததும் நீளத்தில் சுருங்கிப் பருமனில் வீங்குகிறது, மேற்பரப்பும் சொரசொரப்பாகிவிடுகிறது. அளவு தவறிய குழாயை வாங்குவார் யார்?

இதன் காரணத்தை நெசவாள அன்பர்கள் எளிதில் உணர்வர். ரப்பரின் மூலக்கூறுகள் மிக நீண்ட இழைகள். சிக்குண்ட நூற்சிட்டம் போலச் சுருண்டு கிடப்பவை. துளைக்குள் இழுத்து நீட்டப்பெறும் அவை, வெளியே வந்ததும் பழையபடி சுருண்டுகொள்கின்றன.

1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மலேயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானியர் வசமாயின. அமெரிக்காவுக்குக் கிடைத்துவந்த இயற்கை ரப்பரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு நின்றுபோயிற்று. அந்நாட்டார் பியூட்டாடையீன் முக்கால் பங்கும் ஸ்டைரீன் கால் பங்கும் சேர்த்துச் செயற்கை ரப்பரைப் பெருமளவில் உண்டாக்கினர். தட்டுப்பாடு நீங்கிற்று; ஆயினும் அச்சில் வீங்கும் குறை அதற்கும் இருந்தது. பின்னர் ரசாயன அறிஞர்கள், அதனைத் தயாரிக்கும்போதே டைவினைல்பென்சீன் என்னும் பொருளைச் சிறிதளவு சேர்த்து இழைகளை ஒன்றோடொன்று பிணைத்தனர். பிணையுண்ட துகள்கள் அதிகம் நீளா. ஆதலின் சுருங்குவதும் குறைவு. இவ்வகை ரப்பரை மற்றதனுடன் கலந்து பிதுக்கினால், குழாய் வழவழப்பாகவும் அளவு பிசகாமலும் வருகிறது. இதனால் வலிமை சற்றுக் குறையுமாகையால், வேண்டிய அளவே சேர்ப்பர்.

இயற்கை ரப்பர்த் துறையினரும் வாளாவிருக்கவில்லை. 1950களில் அவர்களும் இவ்வழியையே கைக்கொண்டனர். ரப்பர்ப் பாலில் ஒரு பகுதியைக் கந்தகத்தால் முன்னதாகவே பதப்படுத்தி, எஞ்சிய பச்சைப் பாலுடன் கலந்து உறையவைத்தனர். இருபது பங்குக்கு எண்பது பங்கு என்பது அக்கலவைகளுள் ஒன்று. அந்த ரப்பரும் அச்சுக்கு நன்கு அடங்கிற்று.

குமரி மாவட்டத்தில் ரப்பர் பயிரிடும் அன்பர்கள் இதில் ஒன்றைக் கருதவேண்டும். ஆலைக்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை. தம் இயந்திரத்தில் அது எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதையும் பார்க்கிறார். நாளுக்கு நாள் தன்மை மாறும் சரக்கு அவருக்கு ஆகாது. பல தோட்டத்துப் பாலையும் ஒரே தொட்டியில் சேர்த்துக் கலந்தால் அத்தன்மை சீராகும். தனித்தனியே உறையவைக்கும் சிறு விவசாயிக்கு இஃது எளிதன்று; நாம் கூடிச் செய்தால் அரிதும் அன்று.