கடைக்கு வராத கேம்கள்

அமெரிக்காவின் டூசான் நகரிலிருந்து ஒரு பஸ் கிளம்புகிறது. லாஸ் வேகாஸ் போய்ச் சேர 8 மணி நேரம். ஓட்ட வேண்டியவர் விளையாடுபவர்தான். வேகம் மணிக்கு 45 மைலைத் தாண்டாது. வழியில் ஒருவரும் ஏறுவதில்லை, எதிரே ஒரு வண்டியும் வருவதில்லை, பாலைவனச் சாலை எங்கும் வளைவதில்லை. பட்டனை ரப்பர் பேண்டால் கட்டிவிட்டுத் தூங்கப் போகலாம் என்றால் அதுவும் முடியாது. பஸ் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். சாலையை விட்டு இறங்கிவிட்டால் இழுவை வண்டி வந்து டூசானுக்கே கட்டி இழுத்துப் போகும், அதற்கும் நிஜத்தில் ஆகிற நேரமே ஆகும். ஒருவழியாக லாஸ் வேகாஸ் போய்ச் சேர்ந்தால் பரிசு ஒரே ஒரு பாயிண்ட்.

'டெசர்ட் பஸ்' என்ற இந்தக் குறும்பு, மேஜிக் நிபுணர்களான பென், டெல்லர் இருவரின் பெயரில் சேகா சிடி கன்சோலுக்காக உருவான 'ஸ்மோக் அண்ட் மிரர்ஸ்' தொகுப்பில் ஒரு பகுதி. வீடியோ கேம்களில் வன்முறை அதிகம் என்று 1993-இல் அமெரிக்க செனட் விசாரணையே நடத்திய காலம் அது. நிஜ வாழ்க்கை போலவே சாதுவாக ஒரு கேம் வேண்டுமா, இந்தாருங்கள் என்று கிண்டல் செய்தார்கள். ஆனால் அதை வெளியிட வேண்டிய அப்சல்யூட் எண்டர்டெயின்மென்ட் நிறுவனம் 1995-இல் நொடித்துப்போனது. கேம் கடைக்கு வரவே இல்லை.

விமர்சனம் எழுதுவதற்காகப் பத்திரிகைகளுக்கு முன்கூட்டியே அனுப்பிய பிரதிகள் மட்டும் எங்கெங்கோ கிடந்தன. சுமார் 10 ஆண்டு கழித்து அதில் ஒன்று, வெளிவராத கேம்களைத் தேடிக்கொண்டிருந்த ஃபிராங்க் சிஃபால்டியின் கைக்கு வந்தது. அவர் வழியாக உலகம் அதைத் தெரிந்துகொண்டது. 2007 முதல் கனடாவின் விக்டோரியா நகர நகைச்சுவைக் குழு ஒன்று ஆண்டுதோறும் நாள்கணக்கில் அந்த பஸ்ஸை ஓட்டிக் காட்டி, மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளுக்காக நன்கொடை திரட்டி வருகிறது.

இப்படிப் பாதியில் நின்றவை, முடிந்தும் முடங்கியவை, வெளியீட்டுக்கு முன் மாறிப்போனவை ஆகியவற்றைத் தேடுவது இன்று ஒரு தனித்துறையாகவே வளர்ந்திருக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் புதையல் வேட்டை மாதிரி தெரியும். உள்ளே இருப்பவர்களைக் கேட்டால், கார்ட்ரிட்ஜ் கையில் கிடைத்த பிறகுதான் வேலையே ஆரம்பம் என்பார்கள். கிடைத்தது அசல்தானா, எப்போது செய்தது, எந்தக் கட்டத்தில் நின்றது, ஏன் நின்றது என்று ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் வேண்டும்.

நின்றதற்கான காரணங்கள் பல. 1983-இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை தலைகுப்புற விழுந்தபோது அடாரி நிறுவனத்தில் பல கேம்கள் மேஜையிலேயே தங்கிவிட்டன. 'ஈ.டி.' கேமை எழுதிய ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா அடுத்து எழுதிக்கொண்டிருந்த 'சபட்டூர்' அப்படி நின்ற ஒன்று. 2004-இல் அடாரி ஃபிளாஷ்பேக் என்ற பொம்மைக் கன்சோலில்தான் அது முதன்முறையாக மக்கள் கைக்கு வந்தது. 'ஸ்டார் ஃபாக்ஸ் 2' கதை வேறு. நின்டெண்டோவும் பிரிட்டனின் ஆர்கோனாட் நிறுவனமும் சேர்ந்து 1995-இல் அதை ஏறக்குறைய முடித்தே விட்டன. அதற்குள் பிளேஸ்டேஷனும் சேகா சாட்டர்னும் முப்பரிமாணக் காட்சியில் எங்கோ போய்விட்டன. பழைய சூப்பர் நின்டெண்டோவில் வரும் கேம் அவற்றின் பக்கத்தில் சோபிக்காது என்று நிறுவனம் கைவிட்டது. 22 ஆண்டு கழித்து, 2017 செப்டம்பரில் நின்டெண்டோவே அதை அதிகாரபூர்வமாக வெளியிட்டது. கிளிண்டன் குடும்பத்தின் பூனை சாக்ஸை நாயகனாக வைத்து உருவான கேமும் உண்டு. வெளியிட வேண்டிய கானெகோ நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை மூடப்பட்டதால் 1990களில் நின்று, 2018-இல்தான் கார்ட்ரிட்ஜாக வந்தது.

இவை எந்த வடிவில் மிஞ்சுகின்றன? கடையில் விற்ற கார்ட்ரிட்ஜுக்குள், அதாவது டிவி கேம் வைத்திருந்தவர்கள் 'கேசட்' என்று சொல்லிச் சொருகியதற்குள், இருப்பது தொழிற்சாலையிலேயே கேம் பதிந்து வரும் சிப். அதை மாற்ற முடியாது. உருவாக்கும் கட்டத்திலோ அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். அதற்காகவே ஈப்ராம் என்ற சிப்பைப் பயன்படுத்தினார்கள். கறுப்பும் சாம்பலுமான அதன் முதுகின் நடுவே சிறு குவார்ட்ஸ் சன்னல் ஒன்று இருக்கும். உற்றுப் பார்த்தால் உள்ளே சிலிக்கான் துண்டு பளபளக்கும். அந்தச் சன்னல் வழியே புற ஊதாக் கதிரைச் செலுத்தினால் பழையது அழிந்துவிடும், புதிதாக எழுதலாம். வேலை முடிந்ததும் சன்னலை மறைத்து ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, அதன்மேல் பேனாவால் கேமின் பெயரையும் தேதியையும் கிறுக்கிவிடுவார்கள்.

அந்த ஸ்டிக்கர்தான் கேமின் உயிர். சன்னல் திறந்தபடி நேரடி வெயிலில் ஒரு வாரம் கிடந்தால் பதிவு அழிந்துவிடலாம், டியூப்லைட் வெளிச்சத்திலேயே இருந்தால் சுமார் 3 ஆண்டு தாங்கும் என்று இன்டெல் நிறுவனத்தின் தொழில்நுட்பக் குறிப்பே அன்று எச்சரித்தது. மூடி வைத்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. உள்ளே மின்னூட்டமாகத்தான் பதிவு நிற்கிறது. பல பத்தாண்டுகளில் அது மெல்லக் கசியும். ஒரே ஒரு பிட் மாறினாலும் போதும், திரையில் ஓர் எழுத்து சிதையலாம், கேம் பாதியில் உறையலாம்.

ஆகவே ஒரு முன்மாதிரி கார்ட்ரிட்ஜ் கிடைத்தால், அனுபவசாலிகள் உடனே கன்சோலில் சொருகி விளையாட உட்காருவதில்லை. ஸ்டிக்கரை உரிக்காமல் எல்லாக் கோணத்திலும் படம் எடுக்கிறார்கள். சிப்பின் உள்ளடக்கத்தை ரீடர் கருவியில் பலமுறை படித்து, ஒவ்வொரு முறையும் வந்ததை ஒப்பிடுகிறார்கள். எல்லாம் ஒன்றாக இருந்தால் சரி. எங்காவது வேறுபட்டால் அந்த இடத்தில் மின்னூட்டம் பலவீனம் என்று அர்த்தம். சிப்பின் மேல் அச்சான 4 இலக்க எண்ணையும் குறித்துக்கொள்கிறார்கள். 9012 என்றிருந்தால் பெரும்பாலும் 1990-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரத் தயாரிப்பு. 1990-இல் செய்ததாகச் சொல்லும் கார்ட்ரிட்ஜுக்குள் 1994-இன் சிப் இருந்தால் அங்கேயே சந்தேகம் வந்துவிடும்.

சந்தேகம் நியாயமானதுதான். ஏனென்றால் போலிகள் உண்டு, அசலையே போலி என்று நினைத்த கதையும் உண்டு. ஷிகெசாட்டோ இடோய் உருவாக்கிய 'மதர்' கேம் 1989 ஜூலையில் ஜப்பானில் வெளியானது. நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளையில் ஃபில் சாண்ட்ஹாப் அதை 1990-இல் ஆங்கிலப்படுத்தி முடித்தார். 'எர்த் பவுண்ட்' என்று பெயரும் வைத்தாயிற்று. சூப்பர் நின்டெண்டோ வரப்போகிற நேரத்தில் பழைய 8-பிட் கன்சோலுக்கு இத்தனை பெரிய கேமை அச்சிட்டு இறக்க வேண்டாம் என்று அது கிடப்பில் போடப்பட்டது.

1998-இல் அந்த ஆங்கில கார்ட்ரிட்ஜ் ஒன்று வெளிப்பட்டது. ரசிகர்கள் காசு சேர்த்து உரிமையாளருக்குக் கொடுத்து, அதிலிருந்து நகல் எடுத்துப் பரப்பினார்கள். உடனே சண்டையும் வந்தது. ஜப்பானிய மூலத்தில் இல்லாதவை இதில் இருந்தன: முடிவுக் காட்சிகள் நீண்டிருந்தன, நாயகன் ஓடுவதற்கென்று ஒரு பட்டன் இருந்தது. இது யாரோ ரசிகர் கைவைத்தது, நின்டெண்டோ செய்ததே இல்லை என்று பலர் அடித்துச் சொன்னார்கள்.

தீர்ப்பு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 2003-இல் நின்டெண்டோ 'மதர்' முதல் இரண்டு பாகங்களையும் கேம்பாய் அட்வான்ஸுக்காக ஜப்பானில் மறுபடி வெளியிட்டது. ஜப்பானிய மொழியில் வந்த அந்தப் பதிப்பில் நீட்டிய முடிவு உட்பட, ஆங்கில கார்ட்ரிட்ஜில் இருந்த மாற்றங்கள் இடம்பெற்றிருந்தன. ரசிகர் ஒருவர் தன் வீட்டில் செய்த மாற்றம் நின்டெண்டோவின் சொந்தக் கேமுக்குள் எப்படி வரும்? வாதம் அத்தோடு முடிந்தது. 2015 ஜூனில் அதே ஆங்கிலப் பதிப்பை 'எர்த்பவுண்ட் பிகினிங்ஸ்' என்ற பெயரில் நின்டெண்டோ வீ யூ கன்சோலில் விற்பனைக்கு விட்டது.

அசல் என்று உறுதியான பின் அடுத்த கட்டம், அதை வாசிப்பது. விளையாடிப் பார்ப்பது அதில் பாதிதான். கேமின் கோப்பைத் திறந்து, திரைக்கே வராத படங்கள், பயன்படுத்தாத இசை, புரோகிராமர் விட்டுப்போன குறிப்புகள் எல்லாவற்றையும் தேடுவார்கள். அன்றைய பத்திரிகைகளில் முன்னோட்டமாக வந்த திரைக்காட்சிப் படங்களோடு வைத்துப் பார்ப்பார்கள். ஒரு முடிவு எப்போது எடுக்கப்பட்டது என்பது அப்போதுதான் பிடிபடும்.

'டைனோசர் பிளானட்' இதற்கு நல்ல உதாரணம். பிரிட்டனின் ரேர் நிறுவனம் அதை நின்டெண்டோ 64-க்காக ஆரம்பித்தது. நடுவில் நின்டெண்டோவின் யோசனைப்படி அது 'ஸ்டார் ஃபாக்ஸ்' தொடரோடு இணைக்கப்பட்டு, 2002-இல் கேம்கியூபில் 'ஸ்டார் ஃபாக்ஸ் அட்வென்சர்ஸ்' ஆக வெளியானது. பழைய வடிவம் என்ன ஆயிற்று என்று ரசிகர்கள் 20 ஆண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். 2021 பிப்ரவரியில், ஸ்வீடனைச் சேர்ந்த சேகரிப்பாளர் ஒருவரிடமிருந்து வாங்கிய வட்டிலிருந்து 2000 டிசம்பர் தேதியிட்ட பதிப்பு வெளிவந்தது. அதில் நாயகன் சேபரின் உருவம் நீக்கப்பட்டு ஃபாக்ஸ் நிற்கிறான், மற்ற பாத்திரங்களோ அவனை இன்னும் சேபர் என்றே கூப்பிடுகிறார்கள். ஒரு கேம் இன்னொன்றாக மாறிக்கொண்டிருந்த வாரங்கள் அப்படியே பதிவாகியிருக்கின்றன. இறுதி வடிவத்தை எத்தனை முறை விளையாடினாலும் இது தெரியவந்திருக்காது.

'சிம்சிட்டி'யிலும் இப்படித்தான். சூப்பர் நின்டெண்டோவில் வந்து புகழ்பெற்ற அந்த நகர நிர்மாணக் கேமுக்கு, பழைய 8-பிட் கன்சோலுக்கான பதிப்பு ஒன்றும் 1991 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டிருந்தது. பிறகு சத்தமே இல்லை. 2017-இல் 2 கார்ட்ரிட்ஜ்கள் வெளியே வந்தன. சிஃபால்டி தொடங்கிய வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் நகலெடுத்து, ஆராய்ந்து, 2018 டிசம்பரில் விவரமாக வெளியிட்டது.

கார்ட்ரிட்ஜே இல்லாவிட்டால்? அப்போதும் வழி இருக்கிறது. ஆர்கேட் காலத்திலிருந்து கேம் எழுதிவந்த கிறிஸ் ஓபர்த் 2012-இல் காலமானார். டாம் க்ரூஸ் நடித்த 'டேஸ் ஆஃப் தண்டர்' படத்தை வைத்து மைண்ட்ஸ்கேப் நிறுவனம் 8-பிட் நின்டெண்டோவுக்கு வெளியிட்ட கேம் வேறொரு குழு செய்தது. அதே படத்துக்கு ஓபர்த்தும் தனியாக ஒரு கேம் எழுதியிருந்தார் என்பது அவர் விட்டுச்சென்ற ஃபிளாப்பி வட்டுகளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஓடும் நிலையில் கேம் கிடைக்கவில்லை, மூலநிரல் மட்டும் இருந்தது. ஃபவுண்டேஷனைச் சேர்ந்த ரிச் வைட்ஹவுஸ், வட்டுகளிலிருந்து கோப்புகளை மீட்டு, பழைய முறையில் தொகுத்து, 2020-இல் அதை ஓட வைத்தார். அதன் ஆசிரியர் எழுதி முடித்து 30 ஆண்டுக்குப் பிறகு மற்றவர்கள் முதல்முறையாக அந்தக் காரை ஓட்டினார்கள்.

இந்த வேலைக்குக் குறுக்கே நிற்பவை இரண்டு. ஒன்று பணம். உலகில் ஒன்றே ஒன்று என்பதால்தான் சேகரிப்பாளர்கள் இதற்கு ஆயிரக்கணக்கில் டாலர் கொட்டுகிறார்கள். நகல் வெளியே போனால் விலை இறங்கும் என்ற பயத்தில் சிலர் பெட்டகத்தில் பூட்டி வைக்கிறார்கள். சிப் உள்ளே கசிந்துகொண்டிருப்பது பூட்டுக்குத் தெரியாது.

இன்னொன்று சட்டம். அமெரிக்கச் சட்டப்படி, ஒரு நிறுவனத்துக்காக எழுதி வெளியிடாமல் விட்ட படைப்புக்குக் காப்புரிமை, உருவான நாளிலிருந்து 120 ஆண்டு. 1983-இல் கைவிட்ட கேம் 2103 வரை யாரோ ஒருவரின் சொத்து. அந்த யாரோ மூடிப்போன நிறுவனமாகக்கூட இருக்கலாம். ஆர்வலர்கள் எடுத்து வெளியிடும் நகல்களில் பல முறையான அனுமதி இல்லாதவைதான். பெரும்பாலான நிறுவனங்கள் கண்டும் காணாமலும் இருக்கின்றன. ஆனால் 2020-இல் நின்டெண்டோவின் சர்வர்களிலிருந்து திருடப்பட்ட கோப்புகள் மொத்தமாகக் கசிந்தபோது ஆய்வாளர்களே இரண்டுபட்டார்கள். உள்ளே பொக்கிஷம் இருந்தது உண்மை. ஊழியர்களின் அந்தரங்கத் தகவல்களும் கலந்திருந்தன. திருட்டுப் பொருளை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

முறைப்படி நடக்க விரும்பும் நூலகங்களுக்கும் பாதை எளிதாகவில்லை. தங்களிடம் உள்ள பழைய கேம்களை ஆய்வாளர்கள் தூரத்திலிருந்தே இயக்கிப் பார்க்க அனுமதி வேண்டும் என்று கேட்ட மனுவை அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் நிராகரித்தது. 2025 ஜனவரியில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் தன் டிஜிட்டல் நூலகத்தைத் திறந்தது. பழைய பத்திரிகைகள், விளம்பரத் தாள்கள், நிறுவனங்களின் உள் ஆவணங்கள் எல்லாம் அதில் உண்டு. எங்கிருந்தும் இலவசமாகப் படிக்கலாம். விளையாடிப் பார்க்க ஒரு கேம்கூட அதில் இல்லை.