பிங் எகிறுவது எங்கே?

கேம் ஆடும் பிள்ளை "லேக் அடிக்குது" என்று புலம்பினால் பல வீடுகளில் நடப்பது ஒன்றுதான். 50 எம்பிபிஎஸ் திட்டம் 100 ஆகும், 100 திட்டம் 300 ஆகும். மாதக் கட்டணம் ஏறும், லேக் மட்டும் அப்படியே இருக்கும். இவ்வளவு வேகம் வாங்கிக் கொடுத்தும் பிள்ளை தோற்றதற்குச் சாக்குச் சொல்கிறது என்று பெரியவர்கள் முடிவுகட்டிவிடுவார்கள். இது அநியாயம். பிள்ளை சொல்வது பெரும்பாலும் உண்மை. வாங்கிய மருந்துதான் தவறு.

சுட்டு விளையாடும் போட்டி கேம் அனுப்பிப் பெறும் தகவல் நொடிக்கு ஒரு மெகாபிட்டை ஒட்டியோ அதற்கும் கீழேயோதான் இருக்கும். ஹெச்டி படம் பார்க்க ஐந்து மெகாபிட் வரை வேண்டும். ஆனாலும் படம் தடையில்லாமல் ஓடுகிறது, கேம் திணறுகிறது. காரணம், படம் வரப்போகும் காட்சிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. நடுவில் இணைப்பு ஒரு நொடி தடுமாறினாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. கேமில் முன்கூட்டி இறக்க எதுவுமில்லை. எதிராளி எந்தப் பக்கம் திரும்பப்போகிறான் என்பது இன்னும் நடக்கவே இல்லையே! வேலரன்ட் கேமின் சர்வர் நொடிக்கு 128 முறை களத்தைப் புதுப்பிக்கிறது. ஒரு சுற்றுக்கு 8 மில்லிநொடிகூடக் கிடையாது. தனக்குரிய சுற்று முடிந்த பிறகு வந்து சேரும் பாக்கெட், அதாவது தகவல் துணுக்கு, பழைய சேதி. அதனால்தான் இத்தகைய கேம்கள் பெரும்பாலும் யுடிபி முறையை நம்புகின்றன. தொலைந்த பாக்கெட்டுக்காகக் காத்து நிற்காமல் அடுத்ததை அனுப்பிக்கொண்டே போகும் முறை அது.

தூரத்தையும் மறக்கக் கூடாது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். போய்த் திரும்ப 29 மில்லிநொடி ஆகியே தீரும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரூட்டரும் இதைக் குறைக்காது. மும்பை சர்வர் என்றால் இதில் பாதிக்கும் குறைவு. சர்வர் இருக்கும் ஊரைத் தேர்ந்தெடுக்க கேம் இடம் கொடுத்தால் முதலில் அதைச் சரிபார்க்க வேண்டும். பாக்கெட் போய்த் திரும்ப ஆகும் நேரம்தான் பிங். 60 மில்லிநொடியிலேயே நிலையாக நிற்கும் பிங்குக்குக் கை பழகிவிடும். 40, 45, 280, 42 என்று துள்ளும் பிங்குக்கு எந்தக் கையும் பழகாது. ஜிட்டர் என்கிற இந்தத் துள்ளலைத்தான் நாம் தேட வேண்டும்.

தேடுவதற்கான கருவி எல்லாக் கணினியிலும் இருக்கிறது. 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் மைக் மூஸ் எழுதிய பிங் நிரல்தான் அது. கட்டளைச் சாளரங்கள் இரண்டைத் திறந்து, ஒன்றில் வீட்டு ரூட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), மற்றதில் வெளியே உள்ள 8.8.8.8 போன்ற முகவரிக்கும் பிங் ஓடவிட வேண்டும். ஓடும்போதே கேம் ஆடட்டும். ரூட்டர் வரை போய்த் திரும்புவது சில மில்லிநொடிகளில் முடிய வேண்டிய வேலை. அந்த எண்ணே எகிறினால் கோளாறு வீட்டுக்குள், வைஃபை போகும் காற்றில். அது அசையாமல் நின்று, வெளி முகவரிக்கான எண் மட்டும் எகிறினால் வைஃபையைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம் என்பேன்.

காற்றில் என்ன நடக்கிறது? ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். அனுப்ப வேண்டிய கருவி முதலில் காது கொடுத்துக் கேட்கிறது. யாரோ பேசிக்கொண்டிருந்தால் பொறுக்கிறது. அமைதியான பிறகும், தற்செயலாகத் தேர்ந்தெடுத்த ஒரு சிறு இடைவெளி விட்டே அனுப்புகிறது. பெற்றுக்கொண்டதாகப் பதில் வராவிட்டால் இன்னும் நீண்ட இடைவெளியிலிருந்து தேர்ந்தெடுத்துக் காத்திருந்து மீண்டும் அனுப்புகிறது. மோதிக்கொண்டால் தற்செயலான நேரம் பொறுத்து மறுபடி அனுப்பும் இந்த யோசனைக்கு முன்னோடி, 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழு தீவுகளைக் கம்பியில்லாமல் இணைக்க அமைத்த அலோஹாநெட். அரை நூற்றாண்டாக நிலைத்திருக்கும் அழகான யோசனை. ஆனால் எவ்வளவு நேரம் காக்க வேண்டும் என்பதற்கு அதில் உறுதி கிடையாது.

அந்தக் காத்திருப்பில் பக்கத்து வீட்டு ரூட்டரும் சேர்த்திதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். அடுக்குமாடியில் இருபது ரூட்டர்கள் இந்த மூன்றைப் பங்குபோட வேண்டும். புளூடூத் ஹெட்செட்டும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான் இயங்குகின்றன. கேம் ஆடும் கருவியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினாலே பல வீடுகளில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அது சுவரைத் தாண்டத் திணறும் என்பது உண்மை. ஆனால் பக்கத்து வீட்டு அலையும் அதேபோலத் திணறும், நமக்கு அதுவே லாபம். ரூட்டரை டிவிக்குப் பின்னாலோ இரும்பு பீரோவுக்குப் பக்கத்திலோ பரணிலோ ஒளித்துவைத்தால் இந்த லாபம் போய்விடும். ஆடும் அறைக்கு நேர்ப்பார்வையில், திறந்த இடத்தில், ஆள் உயரத்தில் வைக்க வேண்டும்.

எகிறல் எப்போது வருகிறது என்பதே ஒரு தடயம். சொல்லிவைத்தாற்போல் ஒரே இடைவெளியில் வந்தால், லேப்டாப் வேறு வைஃபை இருக்கிறதா என்று தேடுவதற்காகச் சேனலைவிட்டு வெளியே போய்வருகிறது என்று சந்தேகிக்கலாம். 100 மில்லிநொடியை ஒட்டி எகிறினால் மின்சேமிப்பு அமைப்பைப் பார்க்க வேண்டும். ரூட்டர்கள் வழக்கமாக 102 மில்லிநொடிக்கு ஒருமுறை அறிவிப்பு அனுப்புகின்றன. மின்சேமிப்பில் உறங்கும் ரேடியோ அந்த அறிவிப்புக்கு விழித்த பிறகே தனக்கு வந்த பாக்கெட்டைக் கேட்டு வாங்கும்.

இத்தனைக்கும் ஒரே மாற்று, கேட் 6 கேபிள். 100 மீட்டர் வரை இழுக்கலாம். சுவரோரமாக வயர் ஓடுவது அழகில்லை என்று தயங்குகிறவர்களிடம் நான் மன்றாடவும் தயார். ரிப்பீட்டர் வாங்குவது இதற்கு ஈடாகாது. வாங்கியதை அதே காற்றில் மறுபடி சொல்லும் சாதாரண ரிப்பீட்டர் காத்திருப்பை இரட்டிப்பாக்கும்.

கேபிள் போட்டும் எகிறினால்? அடுத்த அறையில் யாரோ கல்யாண வீடியோவை மேலேற்றும்போது மட்டும் பிங் தாவுகிறதா என்று பாருங்கள். தாவினால் நெரிசல் ரூட்டருக்குள் இருக்கிறது. எக்ஸ் விண்டோ அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜிம் கெட்டிஸ், 2010இல் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பும்போது தன் பிங் ஒரு நொடியைத் தாண்டுவதைக் கண்டு காரணத்தைத் துருவினார். பாக்கெட் எதுவும் தொலையக் கூடாதென்று கருவிகளில் நினைவகத்தை அள்ளிக் கொட்டியிருந்தார்கள், அதில் வரிசை நீண்டுகொண்டே போனது. தபால் நிலையத்தில் மூட்டை மூட்டையாகப் பார்சல் கொண்டுவந்தவருக்குப் பின்னால் ஒற்றைக் கடிதத்தோடு நிற்பவரின் நிலைதான் கேம் பாக்கெட்டுக்கு. 'பஃபர்புளோட்' என்று பெயர் பெற்ற இந்த நோய்க்கு, கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் கோடெல் என்ற வழியைத் தந்தார்கள். பாக்கெட் எவ்வளவு நேரம் வரிசையில் நிற்கிறது என்பதை அளந்து, தேங்கினால் வேண்டுமென்றே சிலவற்றைக் கைவிடுவது. அனுப்புகிற பக்கம் அதைக் கண்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சில ரூட்டர்களில் எஸ்கியூஎம் என்ற பெயரில் இதன் வளர்ந்த வடிவம் இருக்கும். அளந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை வரம்பாக அதில் கொடுத்தால் வரிசை நம் கட்டுக்குள் வரும். வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நேரத்தை வாங்குகிறோம்.

வீட்டில் வேறு யாரும் நெட் பயன்படுத்தாதபோதும், கேபிளில் இணைத்த பிறகும், இரவு எட்டு மணிக்கு மேல் தினமும் வெளி முகவரிக்கான எண் மட்டும் எகிறுகிறது என்றால் நெரிசல் இணைப்பு நிறுவனத்தின் பாதையில்தான் இருக்க வேண்டும். "நெட் ஸ்லோ" என்று புகார் சொன்னால் ரூட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். சில நாள் இரவுகளின் பிங் பதிவை நேரத்தோடு எடுத்துக்கொண்டு, "ரூட்டர் வரை 1 மில்லிநொடி, அதற்கு அப்பால் 200, காலையில் 30" என்று சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.