தொட்டறிந்த சூடு

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். எண்பதுகளில் அப்பா தன் புல்லட்டில் அந்த மலைக்கு அடிக்கடி போவார். பெட்ரோல் டேங்க் மேல் நான், பின்னால் அம்மா. பாதிக்கு மேல் ஏறியதும் ஒரு குறிப்பிட்ட வளைவில் வண்டியை ஓரங்கட்டி, பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுப்பார். தண்ணீரில் விரலை நனைத்து என்ஜின் ஹெட் மேல் இரண்டு சொட்டு உதறுவார். சொட்டு விழுந்த இடத்திலேயே ‘சுர்’ரென்று காய்ந்தால் ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம். முத்துப்போலத் திரண்டு உருண்டு ஓடினால் அரைமணி நேரம் உட்கார வேண்டியதுதான்.

அம்மாவுக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை. தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று அவள் தினமும் பார்க்கிற வழி அது. நூறு டிகிரியைத் தாண்டிய இரும்பில் சொட்டு ஒட்டிக்கொண்டு ஆவியாகும். இருநூறை நெருங்கினால் சொட்டுக்கு அடியில் நீராவியே ஒரு மெத்தையாகி அதைத் தூக்கிப் பிடிக்கும், சொட்டு ஓடும். லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் 1756-இல் இதை எழுதி வைத்தார். அப்பா அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் ஹெட்டின் சூடு நூறைத் தாண்டி நிற்கிறதா, இருநூறை நெருங்கிவிட்டதா என்பதை இரண்டு சொட்டுத் தண்ணீரில் கண்டுகொண்டிருந்தார்.

அந்த அக்கறைக்குக் காரணம் அன்றைய புல்லட்டின் உடம்பு. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்த அந்த வண்டியை, 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் சென்னை திருவொற்றியூரில் தயாரித்தது. 346 சிசி, 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். சிலிண்டர் வார்ப்பிரும்பு, உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டன் அலுமினியம். ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சூடு அளவுக்கு மீறினால் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் இருக்கிற மயிரிழை இடைவெளி அடைபட்டு, எண்ணெய்ப் படலம் அறுந்து, என்ஜின் பிடித்துக்கொள்ளும். ஓடுகிற வண்டியில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று பழைய புல்லட்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடதுகையின் இரண்டு விரல்கள் எப்போதும் கிளட்ச் மேல் இருந்தது அதனால்தான். என்ஜின் நெரிகிற மாதிரி தோன்றிய கணமே கிளட்சைப் பிடித்துவிட வேண்டும்.

இவ்வளவு ஆபத்து இருந்தும் ஹெட்லைட்டுக்கு மேலே இருந்த மீட்டர்கள் இரண்டுதான்: ஸ்பீடோமீட்டர், அம்மீட்டர். பேட்டரி ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்ட ஒரு முள் இருந்தது. என்ஜின் சூட்டுக்கு முள் இல்லை. அந்த வேலையை உடம்பு செய்தது.

எங்கள் ஊர் நாமக்கல்லில் புல்லட்டுக்கென்றே ஒரு மெக்கானிக் இருந்தார். எல்லோருக்கும் அவர் ‘பாய்’. கிராங்க் கேஸின் அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்துக் காட்டுவார். “தம்பி, கைய வச்சு மூணு எண்ணு. எண்ணி முடிக்க முடியலேன்னா மொதல்ல ஆயில் மட்டத்தைப் பாரு, அப்புறம் வண்டியை எடு” என்பார். அறுபது டிகிரியைச் சுற்றித்தான் மனிதத் தோல் பொறுக்காமல் போகிறது என்பதால் அவருடைய மூன்று எண்ணிக்கை ஓரளவுக்கு நல்ல அளவுகோல். சூடான என்ஜின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும் என்பது அவரிடம் நான் கற்ற முதல் பாடம். உதறுவது வேறு, ஊற்றுவது வேறு.

மூக்குக்கும் வேலை இருந்தது. எண்ணெய் பிசுபிசுத்த என்ஜினில் சூடு ஏறினால் வாடை மாறும். காதுக்கு அதைவிட வேலை. மேட்டில் ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது டின்னில் கோலி குலுக்குகிற மாதிரி ‘கிணி கிணி’ என்று கேட்டால் பெட்ரோல் தன் நேரத்துக்கு எரியவில்லை என்று பொருள். கியரைக் குறைத்து என்ஜினை லேசாக ஓடவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் பிளக். சந்தேகம் வந்தால் பாய் பிளக்கைக் கழற்றி வெயிலில் காட்டுவார். பீங்கான் மூக்கில் காபித்தூள் நிறம் இருந்தால் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் காற்று அதிகம், சூடும் அதிகம். என்ஜினுக்குள் நடப்பதை, என்ஜினைப் பிரிக்காமல் காட்டிய ஒரே ஜன்னல் அந்தப் பிளக்.

இந்த அறிவைப் பழம்பெருமையாக நான் சொல்லவில்லை. அது அந்த உலகத்துக்குப் பொருந்திய அறிவு. அந்த உலகம் இப்போது இல்லை.

முதலில் பெட்ரோல் மாறியது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. காற்றுக்கும் குழந்தைகளுக்கும் அது பெரிய நன்மை. ஆனால் பிளக்கில் படியும் நிறம் வெளிறிப்போய், பாயின் ஜன்னல் மங்கிவிட்டது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனாலில் ஆக்ஸிஜன் ஏற்கெனவே இருக்கிறது. பழைய கார்புரேட்டரின் ஜெட் துளையோ அதே அளவுதான். அதனால் கலவை கொஞ்சம் மெலிகிறது. ஆக்ஸிஜன் சென்சார் உள்ள புது வண்டி பெட்ரோலைக் கூட்டிச் சரிசெய்துகொள்ளும். அப்பாவின் வண்டிக்கு அந்த வசதி இல்லை; ஜெட்டை மாற்றினால்தான் உண்டு.

அடுத்து சாலை. ஏர் கூல்ட் என்ஜினுக்குக் காற்றுதான் தண்ணீர். ஃபின்களுக்கு இடையே காற்று ஓடினால்தான் சூடு கழியும். அன்று நாமக்கல்லிலிருந்து சேலம் போனால் நடுவில் நிற்கிற இடங்கள் ரயில்வே கேட்டும் டீக்கடையும்தான், வேகமும் ஐம்பது அறுபது. இன்று இரண்டு பக்கமும் பாதகம். நகரத்தில் அக்னி நட்சத்திர வெயிலில், சிக்னலுக்குச் சிக்னல், முன்னால் நிற்கிற பஸ்ஸின் புகைக்குழாய்க்கு நேராக என்ஜின் ஓடிக்கொண்டே நிற்கிறது. நகரத்தைத் தாண்டினால் நான்குவழிச் சாலை, ஒரு மணி நேரம் ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தாமல் முறுக்கிக்கொண்டே போகலாம். பழைய என்ஜினை வடிவமைத்தவர்கள் இந்த இரண்டில் எதையும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்பாவின் வண்டி இப்போது என்னிடம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அதன் பிளக்குக்கு அடியில் சூட்டை அளக்கும் ஒரு வளையம் மாட்டினேன். பிளக்கோடு வரும் வாஷரை எடுத்துவிட்டு, அதே கனத்தில் இந்த வளையத்தைப் போட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் பிளக் உள்ளே இறங்கும் ஆழம் குறைந்துவிடும். வளையத்தில் இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகள் இணைந்திருக்கின்றன. அந்த இணைப்பு சூடாகும்போது மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கும். இந்த விளைவை சீபெக் 1821-இல் கண்டறிந்தார். கே ரகக் கம்பிகளில் ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். அதை ஹேண்டில்பாரில் உள்ள சின்னப் பெட்டி எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. கம்பியைப் பிளக் ஒயரிலிருந்து தள்ளிக் கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் தீப்பொறியின் இரைச்சலில் எண் குதிக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பே அல்ல. செஸ்னா போன்ற சிறு விமானங்களின் என்ஜின்களும் காற்றில் குளிர்பவைதான். சிலிண்டர் ஹெட் சூட்டைக் காட்டும் முள் விமானிக்கு முன்னால் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அவற்றில் பல லைகமிங் என்ஜின்களுக்குச் சிவப்புக் கோடு 260 டிகிரி செல்சியஸ். அந்த முள் தரையில் ஓடுகிற நமக்கு ஏன் வரவில்லை என்று அப்பா காலத்திலேயே யாராவது கேட்டிருக்க வேண்டும்.

கொரோனா காலத்தில் கடைவாசலில் நெற்றிக்கு நேராக நீட்டிய வெப்பமானித் துப்பாக்கியின் அண்ணன் ஒன்றும் பட்டறைகளில் இருக்கிறது. அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். பளபளக்கும் அலுமினியம் வெப்பக்கதிரை மிகக் குறைவாகவே விடும். துப்பாக்கி உண்மைச் சூட்டைவிட எவ்வளவோ கீழே சொல்லும். அளக்கிற இடத்தில் மங்கலான கருப்புப் பூச்சு ஒரு பொட்டு வைத்து அதை நோக்கிப் பிடித்தால் ஓரளவு சரியாக இருக்கும்.

வளையம் எனக்குக் கற்றுக்கொடுத்தது நிறைய. சமதளத்தில் அறுபதில் போனால் என் வண்டிக்கு 150, 160 வழக்கம். சிக்னலில் நின்றால் எண் ஒவ்வொன்றாக ஏறும். கிளம்பிக் காற்று பட்டதும் இறங்கும். ஒருநாள் அதே சாலையில், அதே வேகத்தில் 180 காட்டியது. சத்தத்தில் மாற்றமில்லை, வாடை இல்லை, இழுவையும் குறையவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் கார்புரேட்டரை ஹெட்டோடு சேர்க்கும் நட்டு தளர்ந்து, இடுக்கில் காற்று புகுந்திருந்தது. நூற்றறுபதுக்கும் நூற்றெண்பதுக்கும் உள்ள வித்தியாசம் பாயின் உள்ளங்கைக்கும் தெரிந்திருக்காது. எந்த எண் ஆபத்து என்பதைவிட, உங்கள் வண்டிக்கு எந்த எண் வழக்கம் என்பது முக்கியம்.

புது வண்டிகளுக்கு வருவோம். வார்ப்பிரும்பு என்ஜின் போய் அலுமினிய சிலிண்டர் வந்தது. அது இரும்பைவிடப் பல மடங்கு விரைவாகச் சூட்டைக் கடத்தும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபோது புல்லட்டிலும் கார்புரேட்டர் விடைபெற்றது. இப்போது என்ஜினிலேயே வெப்ப சென்சார் இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். அதையும் படித்துத்தான் வண்டியின் கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று முடிவெடுக்கிறது. காலையில் நாம் சோக் இழுத்துச் செய்த வேலையை அது செய்கிறது. அதாவது வண்டிக்குத் தன் சூடு ஒவ்வொரு நொடியும் தெரியும். சர்வீஸ் சென்டரில் கருவியைச் செருகினால் அவர்களுக்கும் தெரியும். ஓட்டுகிறவருக்குத்தான் தெரியாது. அவருக்குக் கிடைப்பது ஒரு எச்சரிக்கை விளக்கு, அதுவும் காரணம் சொல்லாத விளக்கு. புல்லட் நிறுவனத்தின் 411 சிசி ஹிமாலயனின் மீட்டரில் திசைகாட்டியும் வெளிக்காற்றின் வெப்பமும் உண்டு, என்ஜினின் வெப்பம் இல்லை.

இது எனக்குச் சரியாகப்படவில்லை. எண்ணைக் காட்டினால் வாடிக்கையாளர் வீணாகப் பயப்படுவார் என்பார்கள். எங்கள் நாமக்கல் லாரி டிரைவர்கள் காலங்காலமாக டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்துக்கொண்டுதான் மலை ஏறுகிறார்கள். யாரும் பயந்து வண்டியை விட்டு ஓடவில்லை. முள் ஏறினால் நிறுத்துகிறார்கள், இறங்கினால் கிளம்புகிறார்கள்.

கொல்லிமலையில் அப்பா மழையிலும் வெயிலிலும் அதே வளைவில்தான் நிறுத்துவார். போன சித்திரையில் எண் 210-ஐத் தாண்டியதால் அந்த வளைவுக்கு வெகு முன்பே நிறுத்தினேன். மார்கழிப் பனியில் ஏறியபோது நிறுத்தவே தேவைப்படவில்லை.

பழைய ஏர் கூல்ட் வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு பிளக் வளையம் மாட்டிக்கொள்ளுங்கள்; ஒரு மாதம் ஓட்டி உங்கள் வண்டியின் வழக்கமான எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். புது வண்டி செய்கிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். சென்சார் ஏற்கெனவே இருக்கிறது, திரையும் இருக்கிறது. அந்த எண்ணை ஓட்டுகிறவருக்கும் காட்டுங்கள்.