மண் இல்லாத கீரைத் தொட்டி: சரக்கு எடுக்குமுன்

சமையல் மேடையிலேயே புதினா, கொத்தமல்லி, துளசி வளர்க்கும் சிறு பெட்டியை இருப்பு வைக்க நினைக்கும் வணிக அன்பர்கள், முதலில் அதன் செயல்முறையை அறிந்துகொள்வது நல்லது. தெரியாமல் விற்றால் சரக்கு திரும்பி வரும். கூடவே வாடிக்கையாளரின் கோபமும் வரும்.

மண்ணுக்குப் பதில் தண்ணீர். அதில் கரைத்த உரச்சத்தை வேர் உறிஞ்சுகிறது. வேருக்குக் காற்றும் வேண்டும் என்பதால் பல பெட்டிகளில் சிறு பம்பு இருக்கும். மேலே எல்.இ.டி. விளக்கு. 24 வாட் விளக்கு தினம் 16 மணி நேரம் எரிந்தால் 30 நாளில் சுமார் 11½ யூனிட் ஆகும். சந்தையில் புதினாக் கட்டு விற்கும் விலைக்கு, இது செலவை மிச்சப்படுத்தும் என்று சொல்லி விற்பது நாணயமாகாது. வீட்டில் பசுமை, பறித்தவுடன் சமையல் என்று சொன்னால் போதும்.

புதினா சுலபம். தண்டின் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு நீரில் வைத்தாலே வேர் விடும். கொத்தமல்லிதான் சோதிக்கும். நாம் மூட்டையில் விற்கும் தனியா சமையலுக்கானது; பழைய சரக்கு சரியாக முளைக்காது, வறுத்தது முளைக்கவே முளைக்காது. வெப்பம் மிகுந்தால் செடி சீக்கிரம் பூத்துவிடும். கோடையில் வாங்குவோரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பெட்டி ஒருமுறை விற்பனை. உரக் கரைசலும் வேர்ப் பஞ்சும் தொடர் விற்பனை. அவை தனியாகக் கிடைக்காத பெட்டியை, எவ்வளவு கழிவு கொடுத்தாலும் எடுக்க வேண்டாம்.